திறந்த ஜன்னல்



மாற்கு அவசரக்காரர். ‘உடனே’ என்ற சொல் இல்லாமல் அவருக்குக் கதை சொல்ல வராது. அப்படிப்பட்டவர், இன்று நாம் கேட்ட ஏழாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் நடையைத் தளர்த்திவிடுகிறார். காது கேளாத, வாய் திக்குகிற ஒருவரை மக்கள் கூட்டி வருகிறார்கள். கை வைத்தால் போதும் என்பதுதான் அவர்கள் கேட்டது. ஆனால் இயேசு செய்வதைப் பாருங்கள். கூட்டத்தை விட்டு அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போகிறார். இரண்டு காதிலும் விரலை வைக்கிறார். உமிழ்ந்து நாவைத் தொடுகிறார். வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். பெருமூச்சு விடுகிறார். இத்தனைக்கும் பிறகுதான் எப்பத்தா, அதாவது ‘திறக்கப்படு’ என்ற அந்த ஒரு சொல்.

நூற்றுவர் தலைவரின் பணியாளரைத் தொலைவில் இருந்தபடியே சுகப்படுத்தியவருக்கு இங்கே ஏன் இவ்வளவு நேரம்? எனக்குத் தோன்றும் காரணம் எளியது. எதிரே நிற்பவருக்குச் சொல் எட்டாது. ஆகவே அவருக்கு எட்டுகிற மொழியில் இயேசு பேசுகிறார். விரலால் பேசுகிறார், முகத்தால் பேசுகிறார், மூச்சால் பேசுகிறார். காது திறப்பதற்கு முன்பே அந்த மனிதருக்கு, தனக்கு நடக்கப்போவது என்னவென்று புரிந்திருக்கும். இந்த நிகழ்ச்சியை மத்தேயு, லூக்கா, யோவான் மூவரும் எழுதவில்லை. மாற்கு ஒருவராவது எழுதிவைத்தாரே என்று நான் நன்றி சொல்வதுண்டு.

அதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் இருக்கிறது, அது உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். பங்கு இல்லத்து மாடியறையில் பழைய டர்ன்டேபிள் ஒன்று, கையால் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையர் ஒன்று, இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். பூசைக் கருத்து எழுதிக்கொடுக்க வருகிறவர்கள், “சாமி பாட்டு கேக்குறாரு, அப்புறம் வரலாம்” என்று கீழேயிருந்தே திரும்பிப் போவதும் எனக்குத் தெரியும். இனிமேல் அப்படிப் போகாதீர்கள், மேலே வாருங்கள். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நம் புறநகரில் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். குரோம்பேட்டையில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், சேலையூரில் ஒரு பேராசிரியர், பல்லாவரத்தில் ஓர் எலக்ட்ரீஷியன் தம்பி. நாங்கள் சந்தித்தால் பாட்டைப் பற்றிப் பேசுவது குறைவு, டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம். இத்தனை காலம் இதில் உழன்று நான் கற்றுக்கொண்ட சில விஷயங்கள் இந்த நற்செய்திக்குள் என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போயிருக்கின்றன.

மவுண்ட் ரோடு ரிச்சி தெருவில் பழைய ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போனால், விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் பாட்டுப் போட்டுக் காட்ட மாட்டார். எந்தப் பாட்டும் இல்லாமல் வால்யூமை முழுக்கத் திருப்பிவிட்டு, “காதை வச்சுக் கேளுங்க சார்” என்பார். பாட்டு ஓடும்போது எல்லா செட்டும் நல்ல செட்டுதான். ஒன்றும் ஓடாதபோது அது தானாக என்ன முனகுகிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும். சிலவற்றில் மெல்லிய இரைச்சல் மட்டும் வரும். சிலவற்றில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். நம் நாட்டில் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஓடுகிறது, அந்தத் துடிப்புதான் பெட்டிக்குள் கசிந்து குரலாக வருகிறது. கடைக்காரர்கள் இதை ஹம் என்பார்கள்.

ஹம் வருவதற்குப் பல காரணம் உண்டு. அடிக்கடி அகப்படுவது ஒன்று. ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு பிளக்கில் எர்த், அதோடு இணைத்திருக்கிற டிவிக்கோ கம்ப்யூட்டருக்கோ வேறொரு பிளக்கில் எர்த். இரண்டு எர்த்துக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாமல் சிறு மின்னோட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். விலை உயர்ந்த வயர் வாங்கி மாட்டினாலும் போகாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எர்த் செய்தால் சட்டென்று நின்றுவிடும். இரண்டு தலைவர்களுக்கு ஊழியம் செய்ய முடியாது என்று ஆண்டவர் மலைப்பொழிவில் சொன்னதை நான் இப்போதெல்லாம் அறிவுரையாக வாசிப்பதில்லை, மெக்கானிக்கின் கண்டுபிடிப்பாகவே வாசிக்கிறேன். இரண்டு இடத்தில் வேர் வைத்தவனுக்குள் ஒரு முனகல் ஓயாது. பணக்காரனாக இருந்தாலும் ஓயாது, பக்திமானாக இருந்தாலும் ஓயாது.

செபிக்க உட்காரும்போது இதைச் சோதித்துப் பாருங்கள். பாட்டு வேண்டாம், செபமாலை வேண்டாம், புத்தகம் வேண்டாம். பத்து நிமிடம் சும்மா இருந்தால் உள்ளே என்ன கேட்கிறது? கூடுவாஞ்சேரியில் வாங்கிப்போட்ட மனைக்கு இன்னும் பட்டா மாறவில்லை. பையனுக்கு கேம்பஸ் இன்டர்வியூ. போன பொங்கலுக்கு நாத்தனார் சொன்ன ஒரு சொல். இவையெல்லாம் பாவம் என்று நான் சொல்லவில்லை, இவை நம் வாழ்க்கை. ஆனால் இவற்றின் சத்தம் எவ்வளவு என்று தெரியாமலே, “சாமி, கடவுள் என்கூடப் பேசுறதே இல்லை” என்று என்னிடம் வந்து சொல்கிறவர்கள் உண்டு. இயேசு அந்த மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துக்கொண்டு போனதை இந்த இடத்தில் வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன். காது கேளாதவருக்குக் கூட்டத்தின் சத்தம் ஒரு தொந்தரவே இல்லை. பிறகு ஏன் தனியே கூட்டிப்போக வேண்டும்? கூட்டத்தில் அவர் வேடிக்கைப் பொருள். தனியே போனதும் அவர் மனிதர்.

தாம்பரத்தில் எங்கே தனியாகப் போவது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். ஜிஎஸ்டி ரோட்டில் கிளாம்பாக்கம் போகிற பேருந்துகளின் ஏர் ஹாரன், ஸ்டேஷனில் அறிவிப்பு, விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்புகிற பயிற்சி விமானம், ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களின் தள்ளுவண்டி மைக் செட். ஆனாலும் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காட்டு ஓரம் காலை ஐந்தரைக்கு நடந்தவர்களுக்குத் தெரியும், இதே ஊரில் குயில் கூவுவது கேட்கிற ஒரு நேரம் இருக்கிறது. அதற்காக ஓரேபு மலைக்குப் போக வேண்டியதில்லை. எலியாவுக்கும்கூட காற்று, நிலநடுக்கம், நெருப்பு எல்லாம் வந்து போன பிறகுதானே அந்த மெல்லிய ஒலி கேட்டது? சத்தம் இல்லாத மலை அவருக்கும் கிடைக்கவில்லை. சத்தம் முடியும்வரை குகையில் இருந்தார்.

எங்கள் வட்டத்தில் ஒரு நோய் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ பலருக்குச் சோதனைத் தட்டு. வயலின் நரம்பில் வில் உரசுவது பிரிந்து கேட்கிறதா, இடதுபக்கம் வாசிப்பவர் இடதுபக்கமே நிற்கிறாரா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துவிடுவார்கள். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட இசை அது. அந்த இருவரும் அதற்குள் சந்தித்து என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கடைசிவரை உட்கார்ந்து கேட்கிறவர் குறைவு. பாட்டைக் கொண்டு பெட்டியைக் கேட்கிறார்கள். நம் கோயில்களிலும் இது நடக்கிறது. பக்கத்துப் பங்குச் சாமியின் பிரசங்கம் பிரமாதம், இந்தச் சாமி இழுக்கிறார், பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பையன் போன வாரம் சுருதி தப்பினான். எல்லாம் சரியாகவே கவனித்திருப்பீர்கள். முதல் வாசகம் எந்த நூலிலிருந்து என்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். எசாயா. முப்பத்தைந்தாம் அதிகாரம். சரி, போகட்டும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒலியில் ஆர்வம் உள்ள எவனும் சில ஆண்டுகளில் ஒன்றைக் கண்டுகொள்வான். பெட்டியில் பாதிதான் இருக்கிறது, மீதிப் பாதி அறையில் இருக்கிறது. லட்ச ரூபாய் ஸ்பீக்கரை டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் வைத்தால் அது சந்தைக்கடைபோலக் கத்தும். சுமாரான பெட்டியை, புத்தக அலமாரியும் திரைச்சீலையும் ஜமுக்காளமும் உள்ள அறையில் வைத்தால் அது பாடும்.

இதை அளந்து சொன்னவர் வாலஸ் சபைன் என்ற அமெரிக்க இயற்பியலாளர். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சொன்ன ஒரு சொல் ஐந்து நொடிக்கு மேல் சுவர்களுக்கிடையே அலைந்துகொண்டிருந்தது. அதற்குள் பேசுகிறவர் இன்னும் பத்துப் பதினைந்து சொல் சொல்லிவிடுவார். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கூழாகிவிடும். இதைச் சரிசெய்யச் சொல்லி இளைஞரான சபைனிடம் ஒப்படைத்தார்கள். தெருவில் டிராம் ஓட்டம் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பிறகு அவர் வேலையைத் தொடங்குவார். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கடன் வாங்கிவந்து மண்டபத்தில் பரப்புவார். ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஓசை அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போய்விட வேண்டும். இப்படி ஆண்டுக்கணக்காக அளந்தார். பிறகு 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி மண்டபத்துக்கு ஒலி அமைப்பைக் கணக்கிட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

எதிரொலியை எந்தப் பொருள் எவ்வளவு விழுங்குகிறது என்று ஒப்பிட அவருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. எல்லாவற்றையும்விட நன்றாக விழுங்குவது எது தெரியுமா? மெத்தை அல்ல, கம்பளம் அல்ல, திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது. ஆகவே ஒரு மெத்தை எத்தனை திறந்த ஜன்னலுக்குச் சமம், ஒரு திரைச்சீலை எத்தனை திறந்த ஜன்னலுக்குச் சமம் என்று கணக்கெடுத்தார். மனிதர்களையும் கணக்கெடுத்தார். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், அவர் உடுத்தியிருக்கிற உடையோடு சேர்த்து, ஏறத்தாழ அரை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம்.

நம் கோயிலில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சனிக்கிழமை மாலை மைக்கைச் சரிபார்க்க வரும் தம்பிகள் “ஹலோ, செக்” என்றால் கிரானைட் தரையிலும் பின்சுவரிலும் பட்டு அது நாலு தடவை திரும்பி வரும். வாசகம் வாசித்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. மறுநாள் காலை அதே மைக், அதே பெட்டி, அதே அளவில் வைத்த குமிழ், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். நடுவில் மாறியது ஒன்றுதான். நீங்கள் வந்துவிட்டீர்கள். நானூறு பேர் உட்கார்ந்தால் இந்தக் கோயிலுக்குள் இருநூறு சதுர மீட்டர் ஜன்னல் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

யோசித்துப் பாருங்கள். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். பாட மாட்டார், பதிலுரை சொல்ல மாட்டார், நற்கருணை வாங்கக்கூட எழுந்து வருவதில்லை. அம்மா திட்டியதால் வந்த காலேஜ் பையன். கணவர் இறந்த பிறகு செபிக்க முடியாமல், ஆனாலும் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு சகோதரி. நீங்கள் சும்மா வந்து போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். “என்னால இந்தப் பங்குக்கு என்ன பிரயோஜனம் சாமி?” என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. நீங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதால்தான் முன்வரிசைப் பாட்டிக்கு எசாயாவின் வார்த்தை புரிகிறது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அளந்து பார்த்தால் தெரியும். இறைவார்த்தையைக் கேட்பது ஒருவர் தனியாகச் செய்கிற காரியம் அல்ல. பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் விழுங்கிக்கொள்வதால்தான் நமக்குக் கேட்கிறது. குடும்பத்திலும் அப்படித்தான். வீட்டில் எல்லாரும் எதிரொலித்துக்கொண்டே இருந்தால் ஒருவர் பேசுவதும் ஒருவருக்கும் விளங்காது. சொன்னதை வாங்கித் தன்னோடு வைத்துக்கொண்டு, திருப்பி அடிக்காமல் விடுகிற ஒருவர் இருக்கிற வீட்டில்தான் பேச்சு பேச்சாக இருக்கும்.

இரண்டாம் வாசகத்தில் யாக்கோபு இருக்கைகளைப் பற்றிப் பேசுவதைக் கவனித்தீர்களா? பொன் மோதிரம் போட்டு வருகிறவருக்கு நல்ல இடம், அழுக்கு உடையில் வருகிற ஏழைக்கு நிற்கிற இடம் என்று நீங்கள் பிரிக்கலாமா என்று கண்டிக்கிறார். நம் கோயிலிலும் இது இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். திருவிழா அன்று முன்வரிசை நாற்காலிக்கு வெள்ளைத் துணி சுற்றுகிறோம். ஒலிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பட்டுச் சேலை உடுத்தியவருக்கும் கைலி கட்டி வந்து வாசற்படியில் நிற்பவருக்கும் அதன் கணக்கில் பெரிய பேதம் இல்லை. வடமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, மொழி புரியாமல் பின்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் போகிற அந்த இளைஞர்களும் நமக்காக ஜன்னல் திறக்கிறார்கள்.

சத்தத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பங்குப் பேரவையில் ஒரு தீர்மானம் இருக்கிறது. பெரிய ஆம்ப்ளிஃபையரும் புதிய பெட்டிகளும் வாங்க வேண்டும் என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். நானும் கருவிகளை வெறுப்பவன் அல்லன், திருச்சபையும் வெறுத்ததில்லை. 1931 பிப்ரவரியில் மார்க்கோனியையே வைத்து வத்திக்கான் வானொலியை அமைத்துத் தொடங்கிவைத்தார் திருத்தந்தை பதினோராம் பயஸ். கடற்கரையிலிருந்து நம் தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1931இல்தான். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. காதுக்கு இரண்டு மடங்கு உரக்கத் தோன்ற வேண்டுமானால் மின்திறன் ஏறத்தாழப் பத்து மடங்கு வேண்டும். நூறு வாட்ஸ் இருக்கிற இடத்தில் ஆயிரம் வாட்ஸ். அவ்வளவு செலவழித்த பிறகும் தெளிவு அதே தெளிவுதான். கூழை அதிகமாக ஊற்றினாலும் அது கூழ்தான் என்று எங்கள் குரோம்பேட்டைக்காரர் சொல்வார். எக்காளம் தெளிவில்லாமல் ஊதினால் எவன் போருக்கு ஆயத்தமாவான் என்ற பொருளில் கொரிந்தியருக்கு பவுல் எழுதியபோது, அவர் கவலைப்பட்டதும் தெளிவைப் பற்றித்தான்.

இயேசுவிடம் மைக் இல்லை. அவர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கூட்டம் கரையில், அவர் படகில். 1970களில் கோபி கிறிஸ்லர் என்ற ஆய்வாளர் கப்பர்நாகூம் பக்கத்தில் ஒரு சிறு வளைகரையில் இதைச் சோதித்துப் பார்த்தார். நீரோரம் நின்று பேசினால் மேலே ஏறிப் போகும் சரிவில் சில ஆயிரம் பேருக்குக் கேட்கும் என்று எழுதினார். தச்சருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

நமக்குச் சென்னையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது, இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடம்தான். மாதவரம் நெடுஞ்சாலை ஓரம் ஒரு குடியிருப்பில், நம் சபை அல்லாத ஒரு கிறிஸ்தவ சபையின் ஆராதனை ஒலிபெருக்கி தாங்கவில்லை என்று குடியிருப்போர் நலச் சங்கம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சாலையில் போகும் வண்டிகளின் சத்தமும் சேர்ந்துதானே என்று சபையின் பக்கம் சொல்லிப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு வந்தது. பிறருடைய அமைதியைக் கெடுத்துச் செபிக்க வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்பது அதன் சாரம். அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிற அந்தத் தீர்ப்பில் முதல் பெயராக ஒரு சபையின் பெயர் நிற்கிறது. நீதிபதிகள் வந்து நமக்கு நற்செய்தியை நினைவூட்ட வேண்டியிருந்தது. நம் கோயில் சுவரை ஒட்டி இருக்கும் வீடுகளில் படிக்கிற பிள்ளைகள், படுத்த படுக்கையாய் இருக்கிற முதியவர்கள், நம் மதம் சாராதவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். கொடியேற்றம் அன்று கூம்புக் குழாயை அவர்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டுவது நற்செய்தி அறிவிப்பு ஆகாது.

இனி காதுக்கு வருவோம். எங்கள் பொழுதுபோக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நல்ல காது இருக்கும் வயதில் கையில் காசு இருக்காது. காசு சேர்ந்து நல்ல செட் வாங்கும் வயதில் காது போயிருக்கும். நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுவரை கேட்பது இளமையின் சொத்து. வயது ஏற ஏற மேலிருந்து தேய்ந்துகொண்டே வரும். ஐம்பதைத் தாண்டிய நாங்கள் சிலர், எங்களுக்கே கேட்காத ஓசைகளுக்காக ட்வீட்டர் மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று பேராசிரியர் சிரிப்பார்.

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இது வேடிக்கை அல்ல. உயர்ந்த ஓசைகள் போகும்போது க, ச, த, ப போன்ற வல்லின எழுத்துகளின் கூர்மை போய்விடும். உயிரெழுத்தின் ஓசை மட்டும் நிற்கும். நீங்கள் “கால் வலிக்குதா?” என்று கேட்பீர்கள், தாத்தாவுக்கு “ஆல்” என்பது மட்டும் எட்டும். அது காலா, பாலா, வாலா என்று அவர் ஊகிக்க வேண்டும். “பால் வேண்டாம்மா” என்பார். நீங்கள் எரிச்சலில் கத்துவீர்கள். கத்தினால் உயிரெழுத்துத்தான் இன்னும் பெரிதாகும், போன எழுத்து வராது. பிறகு அவர் பேசுவதையே குறைத்துக்கொள்வார். செவி மூடினால் நாவும் மெல்லக் கட்டிக்கொள்ளும் என்பதை மாற்கு எவ்வளவு சரியாக எழுதியிருக்கிறார்! அந்த மனிதருக்குச் செவி முதலில் திறந்தது, நா அதன் பிறகுதான் அவிழ்ந்தது. பெரியவர்களிடம் பேசும்போது டிவியை அணையுங்கள். எதிரே போய் உட்காருங்கள். தோளைத் தொடுங்கள். அவர்கள் உங்கள் உதட்டைப் பார்க்கட்டும். மெதுவாகச் சொல்லுங்கள். இயேசு செய்ததும் இவ்வளவுதான்.

1877இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்த எடிசனுக்கே சிறுவயது முதல் காது மந்தம். ஓசையைக் கேட்க அவர் அந்தப் பெட்டியின் மரத்தைப் பல்லால் கடித்துக்கொள்வார். அதிர்வு தாடை எலும்பு வழியாக உள்ளே போகும். உலகத்துக்கெல்லாம் பாட்டைப் பதிந்து கொடுத்த கருவி, சரியாகக் கேட்காத ஒருவரின் கையிலிருந்து வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கேளாதவரை நாம் பரிதாபத்தோடு மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். 2024 மே மாதம் திருச்சூரில் திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த ஜோசப் தேர்மடம் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பேசவும் கேட்கவும் இயலாதவர்களில் இந்தியாவிலிருந்து வந்த முதல் குரு. அவர் சைகை மொழியில் திருப்பலி நிறைவேற்றுகிறார். என்னைவிடத் தெளிவாகப் பேசுகிறவர் என்றுதான் அவரைப் பற்றி நினைக்கிறேன். எதிரே இருப்பவர் பார்க்காமல் அவரால் ஒரு சொல்லும் சொல்ல முடியாது. நான் பலமுறை கூரையைப் பார்த்துப் பேசியே முடித்திருக்கிறேன்.

நம் ஊருக்கும் கேட்பதில் ஒரு பாரம்பரியம் உண்டு. சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்குகிறோம், பெயர்க் காரணத்தை மறந்துவிட்டோம். 1928இல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே மருத்துவமனை தொடங்கினார். அதற்கு முன்பு இங்கிலாந்தில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணித மேதை ராமானுஜன் சிறிது காலம் சிகிச்சை பெற்றார். நெஞ்சு நோய்க்காரருக்கு வைத்தியம் எங்கே தொடங்கும்? ஸ்டெதாஸ்கோப்பில். 1816இல் பாரிஸில் லயனெக் என்ற மருத்துவர் ஒரு பெண் நோயாளியின் நெஞ்சில் நேரடியாகக் காது வைக்கக் கூசி, தாளைச் சுருட்டி வைத்துக் கேட்டார். அதிலிருந்து வந்த கருவி அது. பத்தே ஆண்டுகளில் காசநோய் அவரையும் கொண்டுபோயிற்று. சானடோரியத்து வார்டுகளில் டாக்டர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது ஒன்றுதான்: “பேசாதீங்க, மூச்சை இழுத்து விடுங்க.” 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவே பலர் தயங்கிய காலத்தில் அவர்கள் நெஞ்சிலும் காது வைத்த மருத்துவமனை அது. நோயாளியின் மூச்சைக் கேட்பதற்கு முன்னால் மருந்துச் சீட்டு எழுதுகிற டாக்டரை நாம் நம்ப மாட்டோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காரும் எங்களைப் போன்றவர்களும், பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே தீர்ப்புச் சொல்லும் பெற்றோரும் மட்டும் எப்படித் தப்பிக்க முடியும்?

சரி, பேரவைத் தீர்மானத்துக்கு வருகிறேன். புதிய பெட்டிகள் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து, முடிவு உங்களுடையது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை வைத்து இரண்டு வேலை செய்யலாம். பின்சுவரில் கெட்டியான திரைச்சீலை போடலாம். வலதுபக்கம் முதல் ஆறு பெஞ்சுகளைச் சுற்றி ஒரு வயர் வளையம் பதிக்கலாம். காதுக் கருவி அணிந்தவர்கள் பலருடைய கருவியில் ‘டி’ என்று ஒரு நிலை இருக்கும், உங்கள் டாக்டரிடம் கேட்டால் சொல்வார். அதில் வைத்துக்கொண்டு வளையத்துக்குள் உட்கார்ந்தால் பீடத்து மைக்கில் பேசுவது எதிரொலி எதுவும் கலக்காமல் நேரே கருவிக்குள் வந்துவிடும். கோயிலுக்கு வெளியே ஒரு டெசிபல்கூட அதிகமாகாது. பல்லாவரத்துத் தம்பி வயர் இழுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூலி வேண்டாம் என்கிறார், நாம் கொடுத்துவிட வேண்டும்.

காதுக் கருவி வைத்திருப்பவர்கள் பூசை முடிந்ததும் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். வெட்கப்பட்டு அதை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வருகிறவர்களும் கொடுங்கள், அடுத்த வாரம் மாட்டிக்கொண்டு வாருங்கள். சைகை மொழி கற்க ஆர்வமுள்ள இளைஞர்கள் இருந்தால் அன்பியப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், ஆசிரியரை நான் தேடிப்பிடிக்கிறேன்.

எழுந்து நிற்போம். நம்பிக்கை அறிக்கையை இன்று கொஞ்சம் நிதானமாகச் சொல்வோம், பக்கத்தில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துச் சொல்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.